எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சென்னை–டெல்லி தூரம் ரயிலில் 2,180 கி.மீ. என்கிறார்கள், விமானத்தில் 1,760 என்கிறார்கள். எது சரி? (கொருக்குப்பேட்டை)

ப: இரண்டும் சரி. தண்டவாளம் ஊர் ஊராக வளைந்து போகும், விமானம் ஏறக்குறைய நேராகப் போகும். டிக்கெட்டில் 3 மணி நேரம் என்று போட்டிருந்தால் அத்தனையும் பறக்கும் நேரம் இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி.

கே: அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரம்? (பெரம்பூர்)

ப: எந்த ஊருக்கு? நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவிலேயே 4,000 கி.மீ. இருக்கிறது. ஊர் பெயரோடு மறுபடி எழுதுங்கள்.

கே: சிங்கப்பூர் விமானம் இரவு 10 மணிக்குக் கிளம்பி அதிகாலை 4.30-க்கு இறங்குகிறது. ஆறரை மணி நேரமா? (வியாசர்பாடி)

ப: இல்லை, 4 மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்று எத்தனை தடவைதான் எழுதுவது?

கே: பெங்களூருக்கு விமானம் ஒரு மணி நேரம்தானே? ரயிலில் போய் ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்? (தண்டையார்பேட்டை)

ப: இந்தக் கேள்வியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஐயா, நீங்கள் மீனம்பாக்கத்திலா குடியிருக்கிறீர்கள்? வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம். காரில் போனால், கன்டெய்னர் லாரிகள் வழிவிடுவதைப் பொறுத்தது. 2 மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும், ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி போடும் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரப் பயணம், பெட்டிக்குக் காத்திருக்க அரை மணி. தேவனஹள்ளியில் இறங்கி ஊருக்குள் வர இன்னும் 35 கி.மீ., அதற்கு ஒன்றரை மணி வையுங்கள். மொத்தம் 6 மணி நேரம். சென்ட்ரல் உங்களுக்கு எட்டிவிடும் தூரம். அங்கிருந்து வந்தே பாரத் நாலரை மணி நேரத்தில், சதாப்தி 5 மணி நேரத்தில் பெங்களூரின் நடுவிலேயே இறக்கிவிடும். இதில் எது வீண்? அதிகாலை விமானம் என்றால் இன்னொரு தொல்லை. முதல் மெட்ரோவே காலை 5 மணி வாக்கில்தான், ஆட்டோவோ டாக்ஸியோதான் கதி.

கே: துபாய் போகும்போது கூடுதல் நேரம், திரும்பும்போது குறைவு. பைலட் வேகமாக ஓட்டுகிறாரா? (திருவொற்றியூர்)

ப: நல்ல கேள்வி. விமானம் பறக்கும் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும், குளிர்காலத்தில் இன்னும் பலமாக. தூரம் 2,900 கி.மீ.தான். போகும்போது எதிர்க்காற்றில் நாலேகால் மணிக்கு மேலும் ஆகும், வரும்போது 4 மணிக்குள் முடியும். ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், மறக்காதீர்கள்.

கே: அந்தமானுக்குத் துறைமுகத்திலிருந்தே கப்பல் இருக்கிறதே, அதில் போகலாமா? (ராயபுரம்)

ப: தாராளமாக. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டாலும் இங்கே விமானம்தான் ஜெயிக்கும்: 1,360 கி.மீ., இரண்டேகால் மணி நேரம். கப்பலுக்கு ஏறக்குறைய 3 நாள். கடல் ஒத்துக்கொள்ளும் என்றால் போய்ப் பாருங்கள். ஆனால் கப்பல் தினமும் கிடையாது, மாதத்துக்குச் சில முறைதான். தேதி பார்க்காமல் லீவு சொல்லிவிடாதீர்கள்.