அவள் வந்து சேர்ந்ததும் கிளம்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு வருடங்களாக மாதத்தில் மூன்று ஞாயிறு மலையேறப் போகிறேன். என்னை நானே செதுக்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை. மனைவியும் 13 வயது மகளும் கூட வருவார்கள். கொஞ்சம் பின்தங்குவார்கள்; நான் முன்னால் போய்க் காத்திருப்பேன், வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவோம். மகள் முதலில் புலம்பினாள், இப்போது பழகிவிட்டது, ஒன்றும் சொல்வதில்லை. என் பிரச்சினை ஓய்வுதான். உட்கார்ந்தாலே குற்ற உணர்வு வருகிறது. ஆனால் தொடையும் முழங்காலும் புதன்கிழமைவரை வலிக்கின்றன. வழக்கமான பாதை போய்த் திரும்ப 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். நான்கு மணி நேரத்தில் முடிப்பது என் திட்டம். அடுத்த வருடம் மூவரும் 4,000 மீட்டருக்கு மேல் பல நாள் பயணம் போக ஆசை. எவ்வளவு உழைப்பு, எவ்வளவு ஓய்வு என்று எப்படிக் கணக்கிடுவது?

பதில்: தம்பி, ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் ஏராளம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டீர்கள். உங்கள் வீட்டில் மலையில் நன்றாக ஓய்வெடுக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

'வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவோம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏற்றத்தில் ஆறு இடத்தில் நின்று, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காத்திருந்தீர்கள் என்று வையுங்கள். உங்களுக்கு ஒரு மணி நேர ஓய்வு. மூச்சு அடங்கிவிட்டது, தண்ணீர் குடித்தாகிவிட்டது, சட்டைகூடக் காய்ந்திருக்கும். அதே ஏற்றத்தில் உங்கள் மகளுக்கு என்ன கிடைத்தது? வளைவில் அப்பா உட்கார்ந்திருப்பது தெரிகிறது. இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி வேகமாக எட்டு வைக்கிறாள். பக்கத்தில் வந்து நிற்கிறாள். அப்பா எழுந்து பையை மாட்டுகிறார். மூவரில் பலசாலிக்கு ஒரு மணி நேரம், சின்னக் கால்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. உங்கள் மனைவிக்கும் அதே கதைதான்.

இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பது புரிகிறது. ஆனால் இரண்டு வருடமாக ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்து அந்த முகத்தைக் கவனிக்கவில்லையே என்பதுதான் எனக்குக் கோபம். புலம்பிய பிள்ளை வாயை மூடிக்கொண்டதை 'பழகிவிட்டது' என்று எழுதுகிறீர்கள். சொல்லிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் படிக்கிறேன்.

உங்கள் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். மலையேறுகிறவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் பாதைக்குப் போட்டால் 3 மணி 54 நிமிடம் வரும். நல்ல உடற்தகுதி உள்ள பெரியவர் எங்குமே நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம் அது. அதாவது, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே உங்கள் நான்கு மணி நேரத்தில் ஓய்வுக்கு இடமில்லை, குழந்தைக்கும் இடமில்லை. ஐந்தரை மணி நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இருட்டுவதற்கு முன் முடியாதென்றால் பாதையைச் சுருக்குங்கள்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அது பெரும்பாலும் இறக்கத்தில் வருவது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, இரண்டாம் மூன்றாம் நாளில் வலி உச்சத்துக்குப் போகும். அதைச் சரிசெய்யும்போதுதான் தசை வலுப்பெறுகிறது. அந்த வேலை நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாட்களில் நடப்பது. மாதம் மூன்று கடுமையான ஏற்றத்தில் ஒன்றைக் குறைத்து, அந்த ஞாயிறு சமதளத்தில் நடங்கள். இறக்கத்தில் இரண்டு கையிலும் தடி வைத்துக்கொள்ளுங்கள், முழங்காலில் விழும் பாரம் குறையும். மூட்டுக்குள்ளேயே வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேகத்துக்கும் எளிய அளவு ஒன்று உண்டு: ஏறும்போது மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அதற்குப் பக்கத்தில் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது அந்த 4,000 மீட்டர். இதற்காகத்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்குகிற உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். உடம்பு மெலிந்த காற்றுக்குப் பழக அந்த அவகாசம் தேவை. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. உயர நோய் தலைவலியில் தொடங்கும், அப்புறம் குமட்டல், பசியின்மை, சோர்வு. அப்போது அதற்குமேல் ஏறக் கூடாது; சரியாகாமல் மோசமானால் உடனே கீழே இறங்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் 'தலை வலிக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னால்தானே உங்களுக்குத் தெரியும்? கால் வலியையே சொல்லாமல் விழுங்கப் பழகிய பெண், அங்கே தலைவலியைச் சொல்வாளா? அப்பாவின் பயணம் கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முகாம்வரை நடப்பாள். அவள் மறுபடியும் உங்களிடம் புலம்பத் தொடங்கும்வரை அந்த உயரத்துக்கு அவளை அழைத்துப் போக உங்களுக்குத் தகுதி இல்லை. தன்னை வளர்த்துக்கொள்ளப் போகிற மனிதன் முதலில் கூட வருகிறவர்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நம்புகிறவள் நான். அதுவும் அப்பாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த முறை மகள் முன்னால் நடக்கட்டும், நீங்கள் கடைசியில் வாருங்கள். எப்போது நிற்பது என்பதை அவள் முடிவு செய்யட்டும். கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு பத்து நிமிட ஓய்வு தொடங்கட்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று சொல்லாதீர்கள். பாதியில் திரும்பலாம் என்றாள் என்றால் முகம் சுளிக்காமல் திரும்புங்கள். இறங்கும்போதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

அதற்கு முன்னால், இந்த வாரமே அவளிடம் உட்கார்ந்து, "உனக்கு வர விருப்பமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அந்த ஞாயிறு நீங்களும் வீட்டிலேயே இருங்கள்.