வாரத்துக்கு ஒரு ரப்பர்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. ஓவியப் போட்டிகளில் இரண்டு முறை பரிசு வாங்கினாள். மூன்றாவது முறை கிடைக்கவில்லை. அதன்பிறகு வரைய உட்காரவே மாட்டேன் என்கிறாள். "நீயே போடும்மா" என்கிறாள். வாரத்துக்கு ஒரு ரப்பர் தீர்கிற அளவுக்கு வரைந்த பிள்ளை! போட்டி இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்கிறார் கணவர். அடுத்த மாதப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டோம். அனுப்பலாமா?

பதில்: போட்டியை அப்புறம் பார்ப்போம். வாரத்துக்கு ஒரு ரப்பர் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தேய்த்தது யார்?

ஐந்து வயதுப் பிள்ளை தானாக அழிப்பது அபூர்வம். கோடு கோணினால் அதையே பாம்பாக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அழிப்பது பெரியவர்கள் கற்றுத்தரும் பழக்கம். தான் போடும் கோடு தப்பு, அம்மா போடும் கோடுதான் சரி என்று வாரம் தவறாமல் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். "நீயே போடும்மா" என்று அவள் ஒப்பிப்பது அந்தப் பாடத்தைத்தான். பரிசு நழுவிய அன்று அது வாய்விட்டு வெளியே வந்தது, அவ்வளவே.

எதை அழித்திருப்பீர்கள் என்றும் ஊகிக்கலாம். இந்த வயதில் வானம் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டை, தரை அடியில் ஒரு கோடு. நடுவே உள்ள வெள்ளை அவளுக்குக் காற்று. உங்களுக்கு வண்ணம் தீட்டாமல் விட்ட இடம். சுவரைத் தாண்டி உள்ளே இருக்கும் பாட்டி தெரிவாள். பிடித்த ஆள் வாசற்கதவைவிட உயரமாக நிற்பார். ஐந்து வயதின் இலக்கணம் இது. நடுவர் மேசையில் பெரும்பாலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. பார்டர் நேராக இருக்கிறதா, வண்ணம் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது விரல்களின் முதிர்ச்சி. ஆறு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நாலரை வயதும் ஆறைத் தொடப்போகும் வயதும் ஒன்றாக உட்காரும். அங்கே ஜெயிப்பது பாதி பிறந்த மாதம், மீதி பழக்கிவிட்ட அம்மா.

உங்கள் கணவருக்கு: லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள். வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் என்று முன்பே சொல்லப்பட்டவர்கள், ஓரிரு வாரம் கழித்து, விருப்பப்படி விளையாடும் நேரத்தில் மற்றவர்களில் பாதி அளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே 'எல்லோருக்கும் பரிசு' என்று அறிவிப்பதும் மருந்தாகாது. அங்கேயும் கூலி பேசிவிட்டுத்தான் கிரேயானை எடுக்கிறார்கள். போட்டி வேண்டுமென்றால் ஓட்டப்பந்தயத்தில் விடட்டும். யார் முந்தினார் என்று அங்கே கண்ணுக்குத் தெரியும்.

பெயரைத் திரும்பப் பெறுங்கள். எட்டு வயதுவரை நடுவர் வைத்த ஓவியப் போட்டி வேண்டாம் என்பது என் கட்சி. அந்த இரண்டு பரிசுகளையும் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டாதீர்கள். வெளியே போகிற இடமெல்லாம் பிள்ளையை வரிசையில் நிறுத்துவார்கள். வீட்டிலும் நிறுத்தினால் பெற்றவர்கள் எதற்கு?

முதல் வாரம் தாளே வேண்டாம், களிமண் கொடுங்கள். பிடிக்காவிட்டால் அவளே பிசைந்து மறுபடி உருட்டிக்கொள்வாள். பிறகு ஏ3 தாளைத் தரையில் விரித்து, நான்கைந்து தடித்த கிரேயான்கள் மட்டும் வையுங்கள். பென்சில் கூடாது, மெல்லிய முனை திருத்தத்தை வரவழைக்கும். மாதிரிப் படமும் கலரிங் புத்தகமும் கூடாது. இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். அவள் தொடாமலே எழுந்து போனால் போகட்டும். "நீயே போடும்மா" என்றால் ஒரு கோடுகூடப் போடாதீர்கள்; உங்கள் பூனை அழகாக அமைந்துவிட்டால் அவள் பூனை பிறக்காது. "பூனைக்கு முதல்ல எது வேணும், காதா வாலா?" என்று கேளுங்கள். வரைந்து முடித்ததும் 'சூப்பர்' வேண்டாம், அதுவும் மதிப்பெண்தான். "மேல பூரா வட்டமா போட்டிருக்கியே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும், மீதிக் கதையை அவளே சொல்வாள்.

ரப்பரை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். எங்கே என்று கேட்டால் தொலைந்துவிட்டது என்று புளுகாதீர்கள். "நீ வரைஞ்சதை அம்மா அழிச்சது தப்பு" என்று சொல்லுங்கள்.