மனநல சிகிச்சைக்கான காசு எங்கே நிற்கிறது? கேள்வி-பதில்

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மனநல மாத்திரை வாங்கி வந்தோம். சில மாதங்களாக "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்கிறார்கள். நிதியை நிறுத்திவிட்டார்களா மேடம்?
– டெல்டா பகுதி வாசகி

உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். அங்கே மனநல டாக்டர் வருவது மாவட்ட மனநலத் திட்டத்தில். அதற்கான பணம் தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக, மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வருகிறது. மாத்திரை வருகிற வழி வேறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து, ஆஸ்பத்திரி தன் பாஸ்புக்கில் (மருந்து வாங்க ஒதுக்கிய தொகையின் கணக்கு) உள்ள தொகைக்கு இன்டென்ட், அதாவது மருந்து கேட்கும் படிவம், போட்டு எடுக்க வேண்டும். கிடங்கில் சரக்கு இருந்தும், இங்கே இன்டென்ட் போடாததால் அலமாரி காலியாகக் கிடப்பதுண்டு. அதனால் மருந்தாளுநரிடம், "கிடங்கிலேயே இல்லையா, நீங்கள் கேட்கவில்லையா?" என்று விசாரியுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18-ஐக் குறிப்பிடுங்கள்: அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய நல மையம் முதல் மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதுவரை கடன்பட்டாவது வெளியே வாங்கிக் கொடுங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்துவது ஆபத்து.

அடுத்த ஆண்டு மாவட்ட மனநலத் திட்டத்துக்குப் பணம் குறையும் என்று பேச்சு. பராமரிப்பாளர் சங்கமாக நாங்கள் என்ன செய்யலாம்?
– மேற்கு மாவட்ட வாசகர்

போன ஆண்டு கணக்கைக் கேளுங்கள். ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 83.20 லட்சம் ரூபாய் வரை தரலாம் என்பது மத்திய விதிமுறை. அது உச்சவரம்புதான். கேட்ட தொகை, ஒப்புதலான தொகை, செலவான தொகை மூன்றும் வெவ்வேறு. நிதி பெரும்பாலும் கோஷம் போட்டு வெட்டப்படுவதில்லை. மனநல டாக்டர் பணியிடம் காலியாக இருக்கும், சம்பளப் பணம் மிஞ்சும், "இருந்ததையே செலவழிக்கவில்லையே" என்று அடுத்த முறை குறைப்பார்கள். நோயாளியே இல்லாததால் மிஞ்சிய பணம்போல அது காகிதத்தில் தெரியும்! எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த மூன்று தொகைகளையும் காலிப் பணியிடங்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அடுத்த ஆண்டு நிதி கேட்கும் திட்ட அறிக்கை தயாராகும்போதே அந்த எண்களோடு கலெக்டரைப் பாருங்கள். ஒப்புதல் வந்தபின் போவது பந்தி முடிந்தபின் இலை போடுவதுதான்.

கிராம சபைத் தீர்மானத்தால் பலன் உண்டா?

பணம் வராது, பதிவு வரும். "எங்கள் ஊரில் இத்தனை பேர் மாதாமாதம் மாத்திரைக்கு அலைகிறார்கள்" என்ற எண்ணிக்கையோடு தீர்மானம் போடுங்கள். பெயர்கள் வேண்டாம்.

எங்கள் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். நிதி (கம்பெனிகள் லாபத்தில் சமூகப் பணிக்குத் தரும் பணம்) தருவதாகச் சொல்கிறது. நம்பலாமா?
– மையப் பொறுப்பாளர்

வாங்குங்கள், ஆனால் சம்பளத்தை முழுக்க அதில் ஏற்றாதீர்கள். லாபத்தில் 2 சதவீதம் என்ற கணக்கு லாபம் சரிந்தால் தானும் சரியும். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கும் ஆண்டு போக 3 ஆண்டுதான் வரம்பு. கட்டில், வண்டி, கட்டடப் பழுது, பயிற்சி இவற்றுக்குப் பயன்படுத்துங்கள். சமூகப் பணியாளரின் மாதச் சம்பளத்துக்கு அரசு மானியத்தையோ உள்ளூர் நன்கொடையையோ தேடுங்கள். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.