பெருச்சாளி ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் எல்லா மாதமும் உச்சம்: ஏன்?

காசிமேட்டில் விடிகாலை கூண்டிலிருந்து எடுத்த பெருச்சாளிகளின் ரத்தத்தில், கோடையோ மழைக்காலமோ, கார்ட்டிகோஸ்டீரோன் என்ற மன அழுத்த ஹார்மோன் ஒரே உச்சம் என்கிறீர்கள். அது பருவம் இல்லைங்க, கூண்டின் பயம். கதவு விழுந்து சுமார் 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அடிப்படை அளவு கிடைக்கும். இரவெல்லாம் அடைபட்டதில் அது நடக்காது.

புழுக்கைக்கு மாறுங்கள். அதில் பதிவாவது இந்த ஹார்மோனின் சில மணி நேரம் முந்தைய நிலை. அதனால் கூண்டை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிறுநீர் படாத புழுக்கையை மட்டும் பொறுக்கி, ஐஸில் கொண்டுபோய் −20 டிகிரியில் உறைய வையுங்கள்.

வெறும் எடையை உடல்நிலை என்று எழுதாதீர்கள். வாலை விட்டு உடல் நீளம் அளந்து, அந்த நீளத்துக்குரிய எடையிலிருந்து எவ்வளவு விலகல் என்று பாருங்கள். சினை எலியைக் கட்டாயம் ஒதுக்குங்கள், குட்டியின் எடை கொழுப்பாகத் தெரியும்.

கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், எலிக்காய்ச்சல் முக்கியமாக சிறுநீர் வழியாக வரும்.