மரத்தில் கூவுகிறது, தரையில் இறங்கினால் காணோம்: வசந்தகால வான்கோழிச் சேவலை எப்படி வரவழைப்பது?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். காட்டு வான்கோழி வேட்டைக்குப் போக ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். மாநில வேட்டைக் காட்டில் ஒரு மேட்டில் தினமும் விடியும்போது பெரிய சேவல் ஒன்று மரத்தில் இருந்தபடி கூவுகிறது. மரப்பெட்டிக் கருவியில் பெட்டை மாதிரி குரல் கொடுத்தால் உடனே பதில் வருகிறது. ஆனால் தரைக்கு இறங்கியதும் சத்தமே இல்லை. ஒரு நாள் மட்டும் 70 கஜம் வரை வந்தது. அங்கேயே வெகுநேரம் வால் விரித்து நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. என் குரல் சரியில்லையா?

பதில்: குரலில் பெரிய குறை இருந்திருந்தால் அது 70 கஜம் வரை வந்திருக்காது. அதனால் புதுக் கருவி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். ஆர்கன்சாவைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-ல் காப்புரிமை வாங்கிய அதே மாதிரிப் பெட்டிதான் இன்றும் பலர் கையில் இருக்கிறது. அதற்குச் சேவல்கள் நன்றாகவே மயங்கும். நீங்கள் மாற்ற வேண்டியவை இரண்டு: உட்காரும் நேரம், உட்காரும் இடம்.

வான்கோழிகளின் வழக்கத்தைப் பாருங்கள். சேவல் கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாம் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சேவலைப் பெட்டையிடம் வரச் சொல்கிறோம். அதன் வழக்கத்துக்கு இது நேர்மாறு. அன்று 70 கஜத்தில் நின்ற சேவல் உங்களைச் சந்தேகப்பட்டு நிற்கவில்லை. தன் பங்குக்கு வந்தாயிற்று, மிச்ச தூரத்தைப் பெட்டை நடந்து வரட்டும் என்று நின்றது. பெட்டை கண்ணில் படவில்லை, போய்விட்டது.

விடியற்காலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது அடையும் மரத்துக்குப் பக்கத்திலேயே நாலைந்து பெட்டைகளும் அடைந்திருக்கும். இறங்கியதும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். கூடவே துணை இருக்கும்போது கூவ வேண்டிய தேவை அதற்கு இல்லை. நிஜப் பெட்டைகளோடு நம் பெட்டி போட்டி போட முடியாது.

சரி, அவை எப்போது விலகும்? பெட்டை ஏறக்குறைய நாளுக்கு ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், பிறகு சுமார் 28 நாள் அடைகாக்கும். முட்டையிடும் நாட்களில் காலை உச்சிக்குப் போகும் முன்பே ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு நழுவிவிடும். அடைக்கு உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரம் இரை தேடுவதைத் தவிர வெளியே வராது. ஒன்பது, பத்து மணிக்குச் சேவல் தனியாகிவிடுகிறது. விடியலில் உங்களைத் திரும்பியும் பார்க்காத அதே பறவை, இப்போது பெட்டைக் குரல் கேட்டால் ஓடியே வரும். பெரும்பாலான வேட்டைக்காரர்கள் எட்டரைக்குக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். உங்கள் மாநிலத்தில் பருவத்தின் முதல் பாதியில் நண்பகலோடு வேட்டையை முடித்துவிட வேண்டும், பிற்பாதியில் மாலை வரை அனுமதி உண்டு. தேதிகளை இந்த வருட விதிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்துக்கு வருவோம். காலியான, தூரம் வரை தெரிகிற காட்டில் உட்காராதீர்கள். அங்கே குரல் வந்த இடத்தைச் சேவல் எட்ட நின்றே பார்த்துவிடும். அங்கே பெட்டை இல்லையென்றால் ஒரு அடி கூட எடுத்து வைக்காது. ஒரு சின்ன மேட்டின் மறுபக்கம், ஒரு வளைவுக்குப் பின்னால், அல்லது பழைய மரவண்டிப் பாதை திரும்பும் இடத்தில் உட்காருங்கள். அதன் தலை உங்களுக்குத் தெரியும் அந்த நொடியிலேயே அது சுடும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். நான் இடம் பார்ப்பது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான். இன்னொன்று: உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஓடையோ கம்பி வேலியோ இருக்கக் கூடாது. பறக்கத் தெரிந்த பறவைதான், ஆனாலும் வேலியைக் கண்டால் அந்தப் பக்கமே நின்றுவிடும்.

குரலைக் குறையுங்கள். அது பதில் சொல்லும்போதெல்லாம் நீங்களும் குரல் கொடுத்தால், பெட்டை வந்துகொண்டிருக்கிறது என்று காத்திருக்கும். நான் ஒன்பது மணிக்கு மேல் ஸ்லேட்டில் (பலகையைக் குச்சியால் உரசிக் குரல் எழுப்பும் கருவி) மெதுவாக நாலைந்து யெல்ப், அதாவது பெட்டையின் அழைப்புக் குரல், கொடுப்பேன். அது பதில் சொல்லிவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் சருகைக் கிளறுவேன். ஒரு கிளறல், சின்ன இடைவெளி, அடுத்து வேகமாக இரண்டு, அப்புறம் அமைதி. இரை தேடும் பெட்டையின் கால் அப்படித்தான் கேட்கும். இருபது நிமிடம் சத்தமே வராவிட்டாலும் எழுந்திருக்காதீர்கள். பல சேவல்கள் கூவாமலேயே வரும். கிட்ட வந்தால் முதலில் ஒரு 'ப்ஸ்ட்', அதைத் தொடர்ந்து அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஒரு ஆழ்ந்த 'தூம்ம்' வரும். காதால் கேட்கிறோமா, மார்பால் கேட்கிறோமா என்றே தெரியாது. அது கேட்டால் தலையைத் திருப்பாதீர்கள். பக்கவாட்டுக் கண் என்பதால், முதுகுப்புறம் சிறு பகுதி தவிரச் சுற்றிலும் அதற்குத் தெரியும். நிறமும் நன்றாகத் தெரியும். துப்பாக்கி ஏற்கெனவே முழங்காலில் இருக்க வேண்டும். அதன் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் அசையுங்கள்.

சுடும் தூரம் 40 கஜத்துக்குள். அதற்கு முன்னால் உங்கள் ஷாட்கன்னை, உங்கள் தோட்டாவோடு, காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். கழுத்தளவு இடத்தில் தோட்டாவின் எத்தனை ரவை (சிறு குண்டு) விழுகிறது என்று தெரியாமல் காட்டுக்குப் போவது தவறு. பல வருடம் முன்பு 40 கஜம் என்று நினைத்து நான் சுட்ட பறவை அடிபட்டு ஓடிவிட்டது. மதியம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அந்தப் பாரம் இன்னும் என் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து உட்கார்ந்ததும் ஒரு மரத்தை 35 கஜத்தில் குறித்துக்கொள்கிறேன். அதைத் தாண்டி என் பக்கம் வராத பறவையைச் சுடுவதில்லை. வால் விரித்திருக்கும்போதும் சுடாதீர்கள், தலை கழுத்துக்குள் ஒடுங்கியிருக்கும். நாக்கால் ஒரு 'டக்' கொடுத்தால் தலையை நீட்டும்.

மிகவும் முக்கியமானது: கூவும் சத்தத்தை நோக்கிப் பதுங்கிப் போகவே போகாதீர்கள். பென்சில்வேனியாவில் வசந்த காலத்தில் அது சட்டப்படியே குற்றம், குரல் கொடுத்து வரவழைக்க மட்டுமே அனுமதி. அந்தக் குரல் இன்னொரு மனிதர் கையில் இருக்கும் பெட்டியாக இருக்கலாம். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடலில் எங்கும் தெரியக் கூடாது, சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். பைக்குள் இருக்கும் கைக்குட்டை கூட வேண்டாம். தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். யாராவது உங்கள் பக்கம் வந்தால் கை அசைக்காமல், உரக்கத் தமிழிலாவது பேசிவிடுங்கள். நடக்கும்போது ஆரஞ்சுத் துணி போட்டுக்கொள்ளுங்கள். சுட்ட பறவையையும் ஆரஞ்சுப் பையில்தான் தூக்கி வர வேண்டும்.

சுடும் முன் தாடியை, அதாவது நெஞ்சிலிருந்து தொங்கும் முடி போன்ற இறகுக் கொத்தைப் பாருங்கள், தாடி இல்லாத பறவை வசந்த காலத்தில் கூடாது. வாலின் நடு இறகுகள் மட்டும் நீண்டிருந்தால் அது ஒரு வயதுக் குட்டிச் சேவல். சட்டம் அனுமதித்தாலும் நான் விட்டுவிடுவேன். உங்கள் மேட்டுச் சேவல் அப்படியில்லை என்று நினைக்கிறேன்.

நாளை விடியலில் அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மட்டும் தூரத்திலிருந்து கேட்டுக்கொள்ளுங்கள். குரல் கொடுக்க வேண்டாம். ஒன்பதரைக்கு அந்தப் பக்கத்து வளைவில் போய் உட்காருங்கள். கிடைத்தால் நெஞ்சுக் கறியை மெல்லிதாக நறுக்கி வறுக்கலாம். தொடை நார் நாராக இருக்கும். அதை நாட்டுக்கோழிக் குழம்பு மாதிரி மிளகு தூக்கலாகப் போட்டு, குக்கரில் பொறுமையாக வேகவிடுங்கள்.