சொட்டுவது அடக்க முடியாமல் அல்ல, நிரம்பி வழிகிறது

மூத்திரம் சொட்டுதுன்னு நாய்க்குத் தண்ணியைக் குறைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. குறைக்காதீங்க. பைக் மோதி பத்து நாளா பின்னங்காலை இழுக்குது, படுத்த இடமெல்லாம் ஈரம்னு எழுதியிருக்கீங்க. அது பெரும்பாலும் மூத்திரப்பை காலியாகாம நிரம்பி வழியறது. காட்பாடி வெயில்ல தண்ணியும் குறைஞ்சா நாய்க்கு இன்னொரு வினை.

அடி தண்டுவடத்துல பட்டிருக்கணும். மூத்திரப்பையைச் சுருக்குற நரம்பும், அந்தப் பையோட வாயை இறுக்குற நரம்பும் வாலுக்குக் கொஞ்சம் மேல, தண்டுவடத்தோட கடைசிப் பகுதியிலிருந்து கிளம்புது. ‘இப்போ விடு’ங்கற உத்தரவு மட்டும் மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரணும். நடுமுதுகுல அடின்னா உத்தரவு வந்து சேராது. வாய் பூட்டின மாதிரி இறுகி, பை விறைச்சு நிக்கும். அடி கடைசிப் பகுதியிலேயேன்னா பை தொளதொளன்னு இருக்கும், தூக்கினாலே ஒழுகும். குடியாத்தத்துல எங்க அக்கா வீட்டுப் பூனைக்கு வால் கதவுல மாட்டி இழுபட்டு இதே கதைதான்.

சொட்டி முடிஞ்சதும், பின்னங்காலுக்கு முன்னாடி அடிவயித்தை ரெண்டு உள்ளங்கையாலயும் மெதுவா தடவிப் பாருங்க. தண்ணி ரொப்பின பலூன் மாதிரி உருண்டையா தட்டுப்பட்டா மூத்திரம் தங்குது. அடுத்து, ஈரப்பஞ்சால ஆசனவாய் ஓரத்தைத் தொடுங்க. வெடுக்குனு சுருங்கினா கீழ் நரம்பு வேலை செய்யுது, அடி மேலதான்.

தங்குதுன்னா தினம் மூணு வேளையாவது பிழிஞ்சு எடுக்கணும், இல்லாட்டி கிருமி சேரும். அதை கால்நடை டாக்டர் கையைப் பார்த்துத்தான் கத்துக்கணும். கல்லு மாதிரி இருந்து ஒரு சொட்டும் வரலைன்னா அமுக்கவே கூடாது, பை கிழிஞ்சுடும். அன்னிக்கே தூக்கிட்டு ஓடுங்க.