தொடர்பில்லாத இரண்டு மொழிகளில் ஒரே சொல் ஒரே பொருளில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இன்றைக்கு இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அவற்றின் பழைய வடிவங்களைத் தேடிப் போக வேண்டும். உறவுள்ள சொற்கள் போகப் போக நெருங்கி வரும், தற்செயல் ஒற்றுமை விலகிக்கொண்டே போகும்.

ஆஸ்திரேலியாவின் வடக்குக் குயின்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் 'டொக்', கிட்டத்தட்ட ஆங்கில 'டாக்' (dog) போலவே. அதைப் பதிவு செய்த மொழியியலாளர் டிக்சன் விசாரித்தபோது, அக்கம்பக்கத்து மொழிகளில் நாய் 'குடகா', 'குடா' என்றிருந்தது. ம்பபரத்தில் முதலில் ககரம் வந்தால் அடுத்த அசையின் அகரம் ஒகரமாகும், பிறகு முதல் அசை தேயும், ஈற்று உயிரும் விழும். குடகா, குடொகா, டொகா, டொக். இதே மாற்றங்களை அந்த மொழியின் மற்ற சொற்களிலும் பார்க்கலாம் என்பதுதான் முக்கியம். ஆங்கிலேயர் அந்தக் கண்டத்தில் காலே வைத்திராவிட்டாலும் அது 'டொக்' என்றுதான் ஆகியிருக்கும்.

நம்மவர்கள் அடிக்கடி காட்டுவது எட்டு, 'எய்ட்' ஜோடி. எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள், எட்டின் வேர் 'எண்' என்று தெரிந்துவிடும். கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. அந்தப் பக்கம் ஆங்கிலத்தின் உறவு மொழிகளைப் பார்த்தால், ஜெர்மனில் 'ஆஹ்ட்', லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. பின்னால் போனால் ஒரு பக்கம் மூக்கொலி தெளிவாகிறது, மறுபக்கம் அது இல்லவே இல்லை. பாரசீகத்தில் 'பேட்' என்றால் கெட்டது, ஆங்கிலத்திலும் அதே. அதுவும் தற்செயல்தான்.

உண்மையான உறவோ பல நேரம் கண்ணுக்கே தெரியாது. ஆங்கில 'வீல்', சமஸ்கிருத 'சக்ர' இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை!

எனக்கு மிகவும் பிடித்தது 'கேஷ்'. ரொக்கம் என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொல், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆனால் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயங்களுக்கும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று ஒரு பெயர் உண்டு. அது போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போன நம் காசு. அகராதியில் எழுத்து மாறாமல் இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஆகவே 'கேஷ்' தமிழ்ச் சொல் என்று யாராவது சொன்னால், எந்தக் 'கேஷ்' என்று முதலில் கேளுங்கள்.